கையேட்டிலேயே இருக்கிறதே!

கையேட்டை யாரும் படிப்பதில்லை என்பது ஊரறிந்த விஷயம். மிக்ஸி வாங்கினாலும் மின்விசிறி வாங்கினாலும், பெட்டியைப் பிரித்ததும் முதலில் குப்பைக்குப் போவது அதுதான். கையேட்டக்காவின் கணவரே அந்தக் கட்சிதான். எதையும் படிக்காமல் மாட்டி முடித்துவிட்டு, மீந்துபோன திருகாணிகளை ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். அந்த டப்பா நிறைந்து இப்போது இரண்டாவது டப்பா ஓடுகிறது. வீட்டில் எது எப்போது கழன்று விழும் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இப்படிப்பட்ட மனிதருக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டு, கையேடு எழுதுவதையே பிழைப்பாக வைத்திருந்தாள் அவள்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அலுவலகத்தில் அதைச் சம்பளச் சீட்டு மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது. மற்றவர்களுக்கு அவள் கையேட்டக்கா. அவள் எழுதிக்கொண்டிருந்த கையேடு மிக்ஸிக்கானது அல்ல. போனுக்குள் இருக்கும் பிராசஸரில், மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் ஓசைப்படாமல் ஓடும் ஹைப்பர்வைசர் என்கிற ஒரு சின்ன நிரலுக்கானது. ஒரே போனை இரண்டு குடித்தனங்களாகப் பிரித்து வைப்பது அதன் வேலை. ஒரு பக்கம் வேலை விஷயங்கள். மறுபக்கம் பாட்டு, விளையாட்டு, வழியில் போகிற வருகிற ஆப்புகள். இந்தப் பக்கத்து ரகசியம் அந்தப் பக்கம் போகாதபடி நடுவில் சுவராக நிற்க வேண்டியது அந்த நிரல்தான். ஒரு குடித்தனம் காலி செய்த இடத்தை அடுத்த குடித்தனத்துக்குக் கொடுக்கும் முன் பெருக்கித் துடைக்க வேண்டியதும் அதுதான். இடம் என்றால் போனின் மெமரி. கையேட்டில் அதற்கு ஒரு வாக்கியம் இருந்தது: "ஒரு பகுதி விட்டுச் சென்ற மெமரி, மறு பகுதிக்குத் தரப்படும் முன் எப்போதும் முழுமையாகத் துடைக்கப்படுகிறது."

எப்போதும். அந்தச் சொல்லைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை ரகளைக்கும் அதுதான் காரணம்.

கையேட்டக்காவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தன் கையால் செய்து பார்க்காத எதையும் எழுதமாட்டாள். 'இந்தப் பட்டனை அழுத்துங்கள்' என்று எழுதுவதற்கு முன் அழுத்திப் பார்ப்பாள். 'விளக்கு எரியும்' என்று எழுதுவதற்கு முன் விளக்கு எரிவதைக் கண்ணால் பார்ப்பாள். இன்ஜினியர்கள் இதற்காக அவளைக் கிண்டல் செய்வார்கள். "அக்கா, 'தண்ணியில போடாதீங்க'ன்னு எழுதறதுக்கு எத்தனை போனை முக்கினீங்க?" என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். ஆனால் துடைப்பதைப் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவள் சோதித்ததில்லை. அவள் வேலைக்குச் சேரும் முன்பே அது அங்கே இருந்தது. குடிவந்த வீட்டுச் சுவரில் ஏற்கெனவே அடித்திருந்த ஆணியில் சட்டையை மாட்டுகிற மாதிரி, அவளும் மற்றதையெல்லாம் அதன்மேல் மாட்டிக்கொண்டே வந்தாள்.

அவளுடைய தங்கை ஒரு நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிற வேலை. அக்கா வீட்டிலேயே ஒரு அறையில் இருந்தாள். சோதனைக்காகச் சில இடங்களில் கொடுத்திருந்த புதுப் போன்களில் ஒன்று அவள் ஆஸ்பத்திரிக்கும் வந்தது. நோயாளிகளின் விவரம் ஒரு பக்கம், அவளுடைய சொந்தச் சமாச்சாரம் மறுபக்கம். போனைக் கொண்டுவந்த அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா, இதுக்குள்ள நீ இருக்கியாமே!"

"நான் எங்க இருக்கேன். நான் இதைப் பத்தி எழுதறேன். அவ்வளவுதான்."

"எல்லாம் ஒண்ணுதான். இன்னிக்கு ஒரு அம்மா, எதையும் பதியக் கூடாதுன்னு ஒரே அடம். வெளிய தெரிஞ்சா பொழப்பே போயிடும், குடியிருக்கற வீட்டையும் காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னு அழறாங்க. மருந்தே வேண்டாம்னுட்டாங்க. எங்க அக்காதான் இந்தப் போனுக்குக் கையேடு எழுதறா, கையால செஞ்சு பார்க்காம ஒரு வார்த்தை எழுதமாட்டான்னு சொன்னேன். அப்புறம்தான் வாயைத் தொறந்தாங்க."

"யாரு?"

"அதைச் சொல்லுவேனா உங்கிட்ட?" என்றாள் தங்கை. "போன் ஒழுகாது, நான் மட்டும் ஒழுகணுமா?"

கையேட்டக்காவுக்குப் பெருமையாக இருந்தது. இல்லையென்று பொய் சொல்வானேன். மறுநாள் காலை அலுவலகம் போகும் வழியில், தெருமுனைத் தையல்காரம்மாவிடம் இரண்டு சட்டைக்குத் துணி கொடுக்கும்போதுகூட அந்தப் பெருமை முகத்தில் மிச்சம் இருந்திருக்க வேண்டும். தையல்காரம்மா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவளை ஒரு மாதிரி பரிவோடு பார்த்தாள். "உங்களுக்கு அவசரமில்லேன்னாலும் முதல்ல தச்சுத் தரேன்மா" என்றாள். என்ன திடீர் கரிசனம் என்று இவளும் கேட்கவில்லை.

கையேட்டுக்கு அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. எந்த வாக்குறுதியைக் கொடுத்தாலும், படிப்பவர் தானே செய்து பார்த்துக்கொள்ள அதற்கடியில் ஓர் உதாரணம் இருக்க வேண்டும். அந்த விதியில் மேனேஜரே கையெழுத்துப் போட்டிருந்தார். எல்லா வாக்கியங்களுக்கும் உதாரணம் எழுதி முடித்துவிட்டு, கடைசியாக அந்தப் பழைய வாக்கியத்துக்கு வந்தாள். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தாள்.

அவள் மேஜையில் ஒரு போர்டு இருந்தது. போனின் வயிற்றைக் கிழித்து உள்ளே இருப்பதை வெளியே பரப்பி, திரையை டேப் போட்டு ஒட்டி வைத்த மாதிரி இருக்கும். வேலைப் பக்கத்தில் ஏதாவது எழுத வேண்டும். கைக்கு வந்தது தங்கை அன்று காலை அனுப்பிய செய்திதான்: 'வரும்போது பால் வாங்கிட்டு வா. மறந்தா டீ கிடையாது.' அதைத் தட்டிவிட்டு வேலைப் பக்கத்தை மூடினாள். மறுபக்கத்தைத் திறக்கும் முன் டீ வந்தது. குடித்துவிட்டுத் திரும்பினால், சும்மா கிடந்த போன் எதுவும் செய்கிற மாதிரி போர்டும் திரையை அணைத்துவிட்டுத் தூங்கிப்போயிருந்தது. எழுப்பினாள். மறுபக்கத்தைத் திறந்தாள். அதற்குக் கிடைத்த மெமரியில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். வரிசை வரிசையாகப் பூஜ்யங்கள் இருக்க வேண்டும். அதைப் படம் பிடித்துக் கையேட்டில் போட வேண்டும்.

பூஜ்யங்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவில் 'வரும்போது பால் வாங்கிட்டு வா' என்றும் இருந்தது.

அவளுக்கு உடனே புரியவில்லை. தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகத்தான் நினைத்தாள். மறுபடி செய்தாள். போர்டைத் தூங்கவிடாமல் செய்தால் சுத்தமாக இருந்தது. தூங்க வைத்து எழுப்பினால் பால் வந்து நின்றது. எத்தனை முறை செய்தாலும் அப்படித்தான். 'மறந்தா டீ கிடையாது' என்ற வரியைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில் வேறு யாருடைய வரி இருந்திருக்கும் என்றுதான் தோன்றியது.

மெமரி சம்பந்தப்பட்ட பகுதியை எழுதியவன் தாடி. தாடி வைத்திருந்ததால் தாடி. நல்ல பையன்தான், மூன்று பேர் வேலையைத் தனியாகச் செய்கிறவன்.

"தம்பி, துடைக்கறது வேலை செய்யல."

"செய்யும்க்கா." அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கையேட்டுலேயே இருக்கே."

"கையேட்டை எழுதறது யாருப்பா?"

"நீங்கதான்."

"எதை வச்சு எழுதறேன்?"

"நாங்க எழுதற புரோகிராம் கோடை வச்சு."

"உன் கோடு சரியா இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் திரையில் ஓரிடத்தைக் காட்டினான். கோடுக்கு மேலே அவனே எழுதி வைத்திருந்த குறிப்பு: 'எப்போதும் முழுமையாகத் துடைக்கப்படும். விவரத்துக்குக் கையேடு பார்க்க.'

அவள் டெஸ்ட் செய்கிற பெண்ணிடம் போனாள். அவளைக் கண்ணாடி என்பார்கள். கண்ணாடி ஒரு பச்சை வண்ணக் கட்டத்தைக் காட்டி, "பாஸ் ஆயிடுச்சே அக்கா" என்றாள்.

"போர்டைத் தூங்க வச்சுப் பார்த்தியாம்மா?"

"தூங்க வச்சா கேபிள்ல கனெக்ஷன் போயிடும். டெஸ்ட்டெல்லாம் பாதியில நின்னுடும். அதனால எங்க ரேக்குல எந்தப் போர்டையும் தூங்கவே விடறதில்லை."

"கடையில வாங்கற போன் தூங்குமேம்மா? பைக்குள்ள போட்ட அடுத்த நிமிஷமே தூங்குமே?"

கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கையேட்டைப் பார்த்துத்தான் டெஸ்ட் எழுதினேன். கையேட்டுல தூக்கத்தைப் பத்தி ஒண்ணும் இல்லையே."

அன்றைக்கு மிச்சப் பொழுதெல்லாம் அவள் அந்த வாக்கியத்தின் பூர்விகத்தைத் தேடி மாடிக்கும் கீழுக்கும் நடந்தாள். வெளியிலிருந்து வந்து நற்சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனவர்கள், கண்ணாடியின் டெஸ்ட்டையும் கையேட்டையும் பார்த்துக் கொடுத்திருந்தார்கள். விற்பனைப் பிரிவு அந்தச் சான்றிதழைக் காட்டி விற்றுக்கொண்டிருந்தது. சரி, கையேட்டுக்கு அது எங்கிருந்துதான் வந்தது என்று தோண்டிக்கொண்டே போனால், கடைசியில் விற்பனைப் பிரிவின் ஒரு ஸ்லைடில் போய் முட்டியது. கோடில் ஒரு வரிகூட எழுதப்படாத காலத்தில், வாடிக்கையாளரை மயக்குவதற்காகப் போட்ட ஸ்லைடு. ஒரு துடைப்பத்தின் படம். அதற்கடியில் கொட்டை எழுத்தில், 'எப்போதும் சுத்தம்!'

இதற்குப் பெயர் என்ன? வட்டமாக உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவரும் அடுத்தவர் மடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்கும் அடியில் நாற்காலி இல்லை. இத்தனை படித்தவர்கள், இத்தனை கூட்டங்கள், இத்தனை பச்சைக் கட்டங்கள்! ஒருவர், ஒரே ஒருவர், போர்டைத் தூங்க வைத்து எழுப்பிப் பார்த்திருந்தால் போதும். அந்த ஒருவர் தானாகவும் இருந்திருக்கலாமே என்ற நினைப்புதான் அவளை அதிகம் எரித்தது.

மேனேஜருக்கு 'பாத்துக்கலாம்' என்று பெயர். கட்டடம் தீப்பற்றினாலும் அவர் அதைத்தான் சொல்வார். அவள் போர்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜையில் வைத்தாள். தூங்க வைத்தாள், எழுப்பினாள், பாலைக் காட்டினாள். தாடியும் பின்னால் வந்து நின்றான். அதற்குள் அவன் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தான். துடைக்க வேண்டிய இடங்களை நிரல் ஒரு வரிசையில் போட்டு வைத்துக்கொள்கிறது. தூங்கி எழுந்ததும் வரிசை மறந்துபோய், எல்லாவற்றையும் துடைத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. பாத்திரத்தைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனவன், எழுந்ததும் தேய்த்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிற கதை.

"சரி பண்ண எவ்வளவு நாள் ஆகும்?" என்றார் மேனேஜர்.

"பண்றது சுலபம் சார். மறுபடி எல்லா டெஸ்ட்டும் ஓட்டணும். சான்றிதழும் மறுபடி வாங்கணும்."

"அப்ப அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"கையேட்டுல அந்த வாக்கியம் இருக்கு சார்" என்றாள் அவள்.

"இருக்கட்டும். அதுல கை வைக்காதீங்க. சான்றிதழ்ல அப்படியே இருக்கற வாக்கியம் அது. ஒரு எழுத்து மாறினாலும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"பொய்னு தெரிஞ்சுமா?"

"ஏம்மா பொய்ங்கறீங்க?" அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "இன்னும் உண்மையாகல. அவ்வளவுதான்."

"சார், சோதனைப் போனெல்லாம் ஜனங்க கையில இருக்கு. ஆஸ்பத்திரியில இருக்கு."

"பாத்துக்கலாம்."

அன்று மாலை அவள் பால் வாங்க மறந்துவிட்டாள். வீட்டுக்குப் போனதும் தங்கையை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னாள். தங்கை அந்தப் போனை மேஜைமேல் தள்ளி வைத்துவிட்டு, அது கடிக்கும் என்பது போலப் பார்த்தாள்.

"அழிச்சுடட்டுமா?"

"அழிச்சதுதான் சரியா அழியலைங்கறேன்."

"அப்ப இதுவரைக்கும்? எத்தனையோ தடவை தூங்கி எழுந்திருச்சிருக்குமே? அந்தப் பக்கம் இருக்கற ஆப்பெல்லாம் எடுத்திருக்குமா?"

"தெரியாது."

"நான் வாக்குக் கொடுத்தேன்க்கா. உன் பேரைச் சொல்லிக் கொடுத்தேன்." "அவங்க மருந்தே வேண்டாம்னுதான் சொன்னாங்க. நான்தான் சொல்ல வச்சேன்."

மறுநாள் தங்கை தன் மேலதிகாரியிடம் போய், போனைத் திருப்பிக் கொடுக்கிறேன், மற்றவர்களிடம் இருப்பதையும் வாங்கிவிடுங்கள் என்றாள். மத்தியானம் அக்காவுக்குப் போன் வந்தது.

"என்னடி ஆச்சு?"

"கையேட்டைத் தொறந்து காட்டினாங்க. எப்போதும் முழுமையாகத் துடைக்கப்படுகிறதுன்னு விரலை வச்சுப் படிச்சே காட்டினாங்க. 'கையேட்டிலேயே இருக்கிறதே, உங்க அக்கா எழுதினதுதானே'ங்கறாங்க."

கையேட்டக்கா போனை வைத்தாள். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை. கத்தலாம். யார் காதில் விழும்? ராஜினாமா செய்யலாம். வாக்கியம் அப்படியேதான் இருக்கும். அது ஊரெல்லாம் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு திரியும். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து கையேட்டைத் திறந்தாள். வாக்கியத்தில் கை வைக்கக் கூடாது என்றார்கள் அல்லவா? வைக்கவில்லை. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அதற்கடியில், அலுவலக விதி கேட்கிறபடி, ஓர் உதாரணம் எழுதினாள். ஒவ்வொரு படியையும் கையால் செய்து பார்த்து எழுதினாள்.

வெளியிடுவதற்கு முன் 'வாசிப்பு' என்று ஒன்று நடக்கும். போனைத் தயாரித்து விற்கப்போகும் கம்பெனியிலிருந்து ஒருவர் வருவார். பெரிய திரைக்கு முன் உட்கார்ந்து, கையேட்டைச் சத்தமாகப் படித்து, அதில் சொன்னபடியே போர்டில் செய்து பார்ப்பார். இந்த முறை வந்தவர் மரியாதையான மனிதர். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும், "பிரமாதம், குழந்தைகூடச் செஞ்சுடும்" என்று கையேட்டக்காவைப் பார்த்துச் சொன்னார். மேனேஜர் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கமும் வந்தது.

"'எப்போதும் முழுமையாகத் துடைக்கப்படுகிறது.' ரொம்ப நல்லது. உதாரணம்: 'வேலைப் பகுதியில் ஏதாவது எழுதுங்கள். பகுதியை மூடுங்கள். போர்டைத் தூங்கவிடுங்கள்.' சரி. 'எழுப்பி, மறு பகுதியில் பாருங்கள்.'"

அவர் பார்த்தார். அறையில் இருந்த எல்லோரும் பெரிய திரையில் பார்த்தார்கள். எழுதுவதற்கு ஒன்றும் தோன்றாமல் அவர் தன் காரின் நம்பரைத் தட்டியிருந்தார். அது பூஜ்யங்களுக்கு நடுவில், பார்க்கிங்கில் நிற்பது போலவே நின்றது.

யாரோ சிரித்தார்கள். பிறகு அதுவும் நின்றது.

கம்பெனிக்காரர் கண்ணை மூடித் திறந்தார். அதிர்ச்சியானார் என்று நினைத்தால் அது நம் அப்பாவித்தனம். அவர் பேனா மூடியைப் போட்டார். "கடைக்கு வர்ற தேதி அறிவிச்சாச்சு. இப்ப இதையெல்லாம்... ஒண்ணு பண்ணுங்க. இந்த உதாரணத்தை மட்டும் எடுத்துடுங்க. மத்தபடி அருமையான கையேடு."

"எடுத்துடறோம் சார்" என்றார் மேனேஜர். கையேட்டக்காவைப் பார்த்தார். "எடுத்துடுங்கம்மா."

"நான் எடுக்கமாட்டேன்."

"என்னம்மா இது..."

"நான் பார்த்ததை எழுதியிருக்கேன். நீங்களும் இப்பப் பார்த்தீங்க. பார்த்ததை எடுக்கச் சொல்றீங்க, பார்க்காததை வச்சுக்கச் சொல்றீங்க. எடுக்கணும்னா தாராளமா எடுங்க." அவள் கீபோர்டை மேஜையின் நடுவே தள்ளினாள். "யார் வேணா எடுக்கலாம். ஆனா யாரு எடுத்தாங்கன்னு அதுல பேர் விழும்."

அங்கே வழக்கம் அது. கையேட்டில் ஒரு புள்ளியை மாற்றினாலும், மாற்றியவர் பெயர் பக்கத்திலேயே பதிந்து நிற்கும். என்றைக்கும் அழியாது. இத்தனை நாள் அந்த ஏற்பாட்டை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தார்கள். மேனேஜர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். விரலை நீட்டினார். பிறகு, "நீங்களே பண்ணிடுங்களேன்" என்று விற்பனைப் பிரிவுக்காரரிடம் நகர்த்தினார். "நான் டெக்னிக்கல் ஆள் இல்லையே" என்று அவர் கண்ணாடியிடம் நகர்த்தினார். கண்ணாடி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். பொய்யில் பங்குபோட அத்தனை பேரும் உண்டு, பெயர் போட மட்டும் ஆளில்லை. கீபோர்டு மேஜையைச் சுற்றிக் கம்பெனிக்காரர் முன்னால் போய் நின்றது. அவர் அதைத் தொடவில்லை.

"இவ்வளவு பெரிசா எடுத்துக்க வேண்டாம்" என்றார் அவர், இன்னும் மரியாதையாகவே. "லட்சத்துல ஒருத்தருக்கு இது நடக்குமா? யாரு போய் உள்ள தோண்டிப் பார்க்கப்போறாங்க?"

"உங்க பையில இருக்கறதும் இந்தச் சோதனைப் போன்தானே சார்?" என்றாள் கையேட்டக்கா.

"ஆமா."

"ஒரு பக்கம் ஆபீஸ், மறுபக்கம் சொந்தம்?"

"ஆமா. ஏன்?"

"அதுவும் காலையிலேருந்து தூங்கி எழுந்திருக்கும். குடுங்க. இந்தப் பெரிய திரையில மாட்டி, உங்க போனுக்குள்ள என்ன மிச்சம் இருக்குன்னு எல்லாரும் பார்ப்போம். ஒண்ணுமில்லேன்னா உதாரணத்தை நானே எடுத்துடறேன். என் பேர்லயே."

அவருடைய கை அவரைக் கேட்காமலே போய்ச் சட்டைப் பையை மூடிக்கொண்டது. அறையில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்! தன் கை எங்கே இருக்கிறது என்று அவருக்கும் அப்புறம்தான் தெரிந்தது. முகம் சிவந்துபோயிற்று.

"ஆஸ்பத்திரி நோயாளிங்களுக்கும் இப்படி மூடிக்க ஒரு பை இருக்கு சார்" என்றாள் அவள்.

தாடி எழுந்து வந்து கீபோர்டைத் தன் பக்கம் திருப்பினான். கையேட்டின் கடைசியில் 'தெரிந்த குறைகள்' என்று ஒரு பக்கம் உண்டு. பிறந்ததிலிருந்து காலியாகவே இருந்த பக்கம். அதில் அவன் எழுதினான்: 'போன் தூங்கி எழுந்தால் மெமரி துடைக்கப்படுவதில்லை. சரிசெய்யும் வரை பயன்படுத்த வேண்டாம்.' பக்கத்தில் அவன் பெயர் விழுந்தது. அடுத்து, மேலே போய் அந்தப் பழைய வாக்கியத்தை அழித்தான். அங்கேயும் அவன் பெயர் விழுந்தது.

மேனேஜர் வாயைத் திறந்தார். அவர் சொல்லப்போவது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை. "தேதியைத் தள்ளி வைக்கணும்" என்று கம்பெனிக்காரர்தான் சொன்னார், மேஜையைப் பார்த்துக்கொண்டு. கை இன்னும் பைமேலேயே இருந்தது.

சோதனைப் போன்களை எல்லாம் திரும்ப வாங்கினார்கள். தாடி ராப்பகலாக உட்கார்ந்து சரிசெய்தான். "ஆச்சுக்கா, கையேட்டுல மாத்திக்கோங்க" என்று வந்து நின்றபோது, "முதல்ல போர்டைக் கொண்டா" என்றாள் அவள். தூங்க வைத்தாள், எழுப்பினாள், பார்த்தாள். வேண்டும் மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான் எழுதினாள். கண்ணாடியின் ரேக்கிலும் போர்டுகள் இப்போது தூங்கி எழுந்தன. அலுவலகத்தில் யாரும் அவளைப் பாராட்டவில்லை. தேதி தள்ளிப்போனதற்கு யார் காரணம் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதெல்லாம் அவளுக்கு உறைக்கவில்லை. வென்றுவிட்டோம் என்றுதான் இருந்தாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அழைப்பு மணி அடித்தது. தங்கைதான் கதவைத் திறந்தாள். திறந்தவள் ஒதுங்கி நின்றாள். வாசலில் தையல்காரம்மா நின்றாள். கையில் ஒரு பை.

"சட்டை தயாராயிடுச்சாம்மா? நானே வந்து வாங்கியிருப்பேனே" என்று கையேட்டக்கா எழுந்து போனாள்.

தையல்காரம்மா பையை நீட்டினாள். உள்ளே அவள் கொடுத்த துணி மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. கத்திரிகூடப் படவில்லை.

"வேற யார்கிட்டயாவது குடுத்துக்கோங்க."

"ஏம்மா?"

"நீங்கதானே அந்தப் போனுக்குக் கையேடு எழுதினவங்க?"

கையேட்டக்கா திரும்பித் தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதுவரை யாரென்று சொல்லவே இல்லை. இப்போதும் சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒழுகாத ஒன்று இருந்ததென்றால் அது அவள்தான்.

"நான்தான்" என்றாள் கையேட்டக்கா.

"உங்களை நம்பித்தான் சொன்னேன்." தையல்காரம்மா குரலை உயர்த்தவில்லை. மாடிப்படியில் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "போனைத் திரும்ப வாங்கிட்டாங்கன்னு ஆஸ்பத்திரியிலேருந்து ஆள் வந்து சொன்னாங்க. எதுவும் வெளிய போகல, கவலைப்படாதீங்கன்னாங்க. நீங்க சொல்லுங்க. போச்சா, போகலையா?"

போகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அம்மா நிம்மதியாகப் படியிறங்குவாள். சட்டையும் தைத்துக் கிடைக்கும். அலுவலகத்தில் அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார்கள். கையேட்டக்காவுக்கும் அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியலைம்மா" என்றாள். "அந்த வாக்கியம் என் கையேட்டுல இருந்தது. நான் செஞ்சு பார்க்கல. உங்களுது வெளிய போச்சா இல்லையான்னு பார்க்க இனிமே வழியும் இல்லை. பார்க்காததைப் போகலைன்னு உங்ககிட்ட நான் சொல்லமாட்டேன்."

தையல்காரம்மா அவளை நேராகப் பார்த்தாள். திட்டுவாள் என்று கையேட்டக்கா எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள்.

"வந்தவங்க எல்லாரும் போகலைன்னுதான் சொன்னாங்க" என்றாள் தையல்காரம்மா. "அதைக் கேட்டதும்தான் எனக்குப் பயமா இருந்துச்சு."

அவள் மெல்லப் படியிறங்கிப் போனாள். கீழே தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்கும் வரை அக்கா பையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவளுக்கு மறுபடி அதே கோபம் வந்தது. அந்தத் துடைப்பப் படத்தின்மேல், பச்சைக் கட்டத்தின்மேல், விரலை வைத்துப் படித்துக் காட்டியவர்கள்மேல், எல்லாவற்றுக்கும் மேல் தன்மேல். இந்த முறை அதைத் தள்ளி வைக்க மேஜையும் இல்லை, கீபோர்டும் இல்லை.

"உள்ள வாக்கா" என்றாள் தங்கை.

"அவங்க மருந்து வாங்கிக்கறாங்களா?"

தங்கை அக்காவின் கையிலிருந்த பையை வாங்கி, துணியை எடுத்து அலமாரியில் வைத்தாள்.